பாலத்தையே எடை மேடையாக்கும் அளவீட்டுச் சேவை: எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது

ஓடுகிற லாரிகளை நிறுத்தாமல், பாலத்தைத் தாங்கும் நீள உத்தரங்களான கர்டர்களுக்கு அடியில் சென்சார் பொருத்தி, மேலே போகிற ஒவ்வொரு வண்டியின் எடையையும் கணக்கிட்டுத் தரும் சேவை ஒன்றை எங்கள் வடிவமைப்புக் குழு சமீபத்தில் எடுத்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வேலையைச் செய்கிறவர்கள் பல பேர் இருக்கிறார்கள், நான் சொல்கிற நிறைகுறைகள் பெரும்பாலும் எல்லோரிடமும் பார்க்க வேண்டியவைதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளவீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, அறிக்கைக்கு மூன்று. இன்று பாலத்தின் மேல் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் ஐம்பது வருஷம் கழித்து என்ன ஓடும் என்பதற்கு இவர்கள் தருகிற பதிலை அப்படியே டிசைனுக்குள் கொண்டுபோகக் கூடாது.

எங்களுக்கு இருந்த வேலை இது. சரக்கு வண்டிகள் அதிகம் போகிற ஒரு சாலையில், தூணுக்குத் தூண் இருபது மீட்டர் ஸ்பேன்களாக நிற்கும் பழைய கான்கிரீட் பாலம். அதை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்ட வேண்டும், பழையதை ஒரு திசைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்றும் சொல்ல வேண்டும். புதியதை எவ்வளவு லோடுக்கு டிசைன் செய்வது, பழையது இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி, இந்தச் சாலையில் உண்மையில் போவது என்ன.

கோடில், அதாவது பால வடிவமைப்பு விதிநூலில், உள்ள லோடைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். சட்டப்படி போதும், பெரும்பாலான பாலங்களுக்கு நடைமுறையிலும் போதும். ஆனால் அந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை, அவையும் ஏதோ ஒரு சாலையில், ஏதோ ஒரு வருஷத்தில் எடை போட்ட லாரிகளிலிருந்து வந்தவைதான். அமெரிக்க ஆஷ்டோ கோடின் எச்.எல்-93 லோடை எடுத்துக்கொள்ளுங்கள்: 35, 145, 145 கிலோநியூட்டன் (பத்து கிலோநியூட்டன் சுமார் ஒரு டன்) என மூன்று ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, கொண்ட ஒரு லாரி, கூடவே லேன் முழுக்க மீட்டருக்கு 9.3 கிலோநியூட்டன். அந்தக் கோடின் அளவுத்திருத்தத்துக்கு அடிப்படையாக இருந்தது 1975-ல் கனடாவின் ஒன்டாரியோவில் எடை போட்ட 9,250 லாரிகள், அதைத்தான் 75 வருஷத்துக்கு நீட்டிப் பார்த்தார்கள். ஐரோப்பாவின் யூரோகோடில் உள்ள எல்.எம்.1 லோடில் முதல் லேனுக்கு 300 கிலோநியூட்டன் ஆக்ஸில் இரண்டு, அதோடு சதுர மீட்டருக்கு 9 கிலோநியூட்டன். அதன் பின்னணியில் இருப்பது 1986-ல் பிரான்சின் ஒசேர் அருகே நெடுஞ்சாலையில் எடுத்த அளவுகள். இரண்டும் மிகக் கவனமாகச் செய்த வேலை, இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு லாரி உலகம் சும்மா இருக்கவில்லை என்பதுதான் விஷயம். பின்லாந்து 2013-ல் 76 டன் வரை அனுமதித்தது, ஸ்வீடன் 2018-ல் குறிப்பிட்ட சாலைகளில் 74 டன்னுக்குப் போனது, பேட்டரியின் எடையை ஈடுகட்ட ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் புகையில்லா லாரிகளுக்கு 2 டன் வரை கூடுதலாகக் கொடுத்தது. ஒரு பாலம் நூறு வருஷம் நிற்கும் என்று வைத்துக் கட்டினால், இந்த மாதிரி மாற்றம் அதன் காலத்துக்குள் ஒரு தடவையா வரும்?

சரி, சேவைக்கு வருவோம். பொருத்தும் வேலையில் எனக்குக் குறையே இல்லை. போக்குவரத்தை நிறுத்தவில்லை, சாலையை வெட்டவில்லை. எல்லாமே பாலத்துக்கு அடியில். ஏணி வண்டியில் ஏறி, ஒவ்வொரு கர்டரின் அடிப்பக்கத்திலும் நடு ஸ்பேனில் கான்கிரீட்டைத் தேய்த்துச் சமப்படுத்தி நீட்சியை அளக்கும் ஸ்ட்ரெயின் அளவியைப் பொருத்தினார்கள். ஆக்ஸில்களைத் தனித்தனியாகப் பிடிக்க, வண்டி ஓடும் தளமான டெக் ஸ்லாபுக்கு அடியில் இன்னும் சில. ஒரு கர்டரில் பழைய ரிப்பேர் பூச்சு தட்டினால் டொக் டொக் என்று கேட்டது. அதன் மேல் ஒட்டினால் பூச்சின் நீட்சியைத்தான் அளக்கும், கர்டரின் நீட்சியை அல்ல என்று அந்த டெக்னீஷியன் தானாகவே இடத்தை மாற்றினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த மாதிரி ஆள் வந்தால் சேவை பாதி தேறிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் அளவுத்திருத்தம். ஒவ்வொரு ஆக்ஸிலையும் எடை மேடையில் நிறுத்தித் தனித்தனியாக எடை போட்ட ஒரு லாரியை, ஒவ்வொரு லேனிலும், வெவ்வேறு வேகத்தில் பாலத்தின் மேல் ஓட்டுகிறார்கள். லேப்டாப் திரையில் அதைப் பார்க்க வேண்டும். ஸ்லாபின் அளவியில் முன் ஆக்ஸிலுக்கு ஒரு சின்ன ஊசி, அடுத்து டிரைவ் ஆக்ஸிலுக்கு உயரமான ஊசி, கொஞ்சம் இடைவெளி விட்டு டிரெய்லரின் மூன்று ஆக்ஸிலும் நெருங்கி நெருங்கி மூன்று ஊசிகள். அதே நேரத்தில் கர்டரின் அளவியில் இவை எதுவும் தனியாகத் தெரியாது, எல்லாம் கலந்து வழவழப்பான ஒரே மேடு. அந்த மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஆக்ஸில் எடைகளைப் பிரிப்பதுதான் இந்த முறையின் சூட்சுமம். பாலத்தின் இன்ஃப்ளுயன்ஸ் லைன் (ஒரு லோடு பாலத்தில் எங்கே நின்றால் அளவியில் எவ்வளவு காட்டும் என்ற வளைகோடு) தெரியும், ஆக்ஸில்கள் எந்த நொடியில் எங்கே இருந்தன என்று தெரியும், மிச்சம் இருப்பது எடைகள் மட்டும்தான். ஒரு வண்டி கடப்பதற்குள் நூற்றுக்கணக்கான தடவை அளவு எடுப்பதால் அந்தச் சமன்பாடுகளுக்கு மிகப் பொருந்துகிற விடையைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. ஃப்ரெட் மோசஸ் 1979-ல் வெளியிட்ட வழி இது, இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடித்தளம் இன்னும் அதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாலையில் பட்டை பதித்து எடை போடும் கருவிகளும் உண்டு, அவை எடையைச் சொல்லும், அவ்வளவுதான். இந்தச் சேவை எடையோடு சேர்த்து, அந்த எடைக்குப் பாலம் எப்படி வளைந்தது என்பதையும் தருகிறது. எங்கள் பாலத்தில் கணக்குப்படி நேரடியாகச் சுமக்கிற கர்டருக்குப் போக வேண்டிய பங்கைவிடக் குறைவாகவே போனது, பக்கத்துக் கர்டர்கள் நாங்கள் நினைத்ததைவிட நன்றாகத் தோள் கொடுத்தன. இது சந்தோஷமான செய்திதான், ஆனால் முழுவதையும் வரவில் வைக்கக் கூடாது. கர்டர் தூணின் மேல் உட்காரும் பேரிங் துருப்பிடித்து இறுகியிருப்பது, ஓரத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்ந்து பாலத்தை விறைப்பாகக் காட்டும். உண்மையிலேயே பெரிய லோடு வருகிற அன்று பேரிங் வழுக்கிவிட்டால் அந்த உதவி காணாமல் போய்விடும். அறிக்கை இதைத் தனியாகப் பிரித்துக் காட்டியது. அதற்கு ஒரு பாராட்டு.

துல்லியம் பற்றி. ஐரோப்பாவில் காஸ்ட் 323 என்ற விவரக்குறிப்பு ஒன்று உண்டு, பல நிறுவனங்களும் அதை வைத்துத்தான் தங்கள் தரத்தைச் சொல்கின்றன. அதில் பி(10) வகுப்பு என்றால் மொத்த எடையில் 10 சதவீதம் வரை, ஆக்ஸில் தொகுதியில் 13, தனி ஆக்ஸிலில் 15 சதவீதம் வரை விலகல் இருக்கலாம். விளம்பரத்தில் அந்த முதல் எண்ணை மட்டும்தான் பெரிதாகப் போடுவார்கள். டெக் ஸ்லாபையும், வெப்பத்தில் பாலம் நீள விடும் இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டையும் அடித்து நொறுக்குவது தனி ஆக்ஸில் என்பதால், கடைசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெருக்கமாக ஜோடி சேர்ந்த டேண்டம் ஆக்ஸில்களில் ஒன்றின் எடையை இன்னொன்றின் கணக்கில் சேர்க்கிற பழக்கம் இந்த முறைக்கு இயல்பாகவே உண்டு. தொகுதியின் மொத்தம் சரியாக வரும், தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் நிற்கும். மோசடி எதுவும் இல்லை, கணிதத்தின் குணம் அது.

இனி குறை. முதலில் வந்த அறிக்கை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பக்கம் பக்கமாக வண்ண வரைபடம், வண்டி வகை வாரியாகச் சராசரி எடை, வாரத்தில் எந்த நாளில் எத்தனை லாரி என்ற விவரம். பாலத்துக்குச் சராசரி லாரியால் ஒன்றும் ஆவதில்லை! அதை உடைப்பதும் களைப்பாக்குவதும் அந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் தனியாக நிற்கிற கொஞ்சம் பேர், அவர்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஸ்பேனில் சந்திக்கிற தருணம். அந்த ஓரத்தை "பிழையான பதிவுகள்" என்று சொல்லித் தானியங்கி வடிகட்டி வெட்டியிருந்தது. கச்சாத் தரவைக் கேட்டால் ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள், மேலிடம் வரை கடிதம் போன பிறகுதான் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் வெட்டியதில் பாதிக்கும் மேல் நிஜமான வண்டிகள். அலைவடிவம் சுத்தமாக இருந்தது, ஆக்ஸில் இடைவெளி நம்பும்படி இருந்தது, எடைதான் மென்பொருள் நம்ப மறுக்கிற அளவுக்கு இருந்தது. ஓவர்லோடு வண்டியைக் கண்டுபிடிக்க வைத்த கருவி, ஓவர்லோடாக இருக்கிறது என்பதற்காகவே அதை விட்டுவிட்டால் எப்படி? திருத்தி எழுதிய அறிக்கையில் இதைச் சரிசெய்தார்கள், வாதம் பண்ணாமல் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

தரவு கைக்கு வந்த பிறகு எங்கள் முடிவுகளையே மாற்றியது எடை அல்ல, நீளம். சின்னக் கணக்கு ஒன்று பாருங்கள். 20 மீட்டர் ஸ்பேனில், 40 டன் லாரி 12 மீட்டர் நீளத்தில் சீராகப் பரவி நடுவில் நிற்கிறது என்று வைத்தால் நடு ஸ்பேனில் வருகிற மொமென்ட், அதாவது பாலத்தை வளைக்கிற விளைவு, 140 டன்-மீட்டர். 60 டன் வண்டி, ஆனால் ஸ்பேன் முழுக்க 20 மீட்டருக்கும் பரவியிருக்கிறது என்றால் 150. எடை ஒன்றரை மடங்கு, விளைவு ஏழு சதவீதம்தான் கூடுதல். அதே 40 டன்னை 8 மீட்டருக்குள் அடக்கினால் 160 வந்துவிடும், அதாவது அந்த 60 டன் வண்டியைவிட மோசம். எங்கள் பாலத்தை அதிகம் வளைத்தவை நீளமான டிரெய்லர்கள் அல்ல, குட்டையான உடம்பில் கல்லும் மண்ணும் குவித்துக்கொண்டு போகிற டிப்பர்கள். டன் எண்ணிக்கையை மட்டும் வைத்து எதிர்கால லோடைப் பேசுகிறவர்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் லாரி எடை விதியான பிரிட்ஜ் ஃபார்முலா 1970-களிலிருந்து எடையோடு ஆக்ஸில் எண்ணிக்கையையும் இடைவெளியையும் சேர்த்துக் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான்.

அடுத்து, அறிக்கையின் "எதிர்காலம்" அத்தியாயம். இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. சில வாரங்கள் அளந்த தரவின் ஓரத்துக்கு ஒரு வளைகோடு பொருத்தி, அதை 1000 வருஷத்துக்கு ஒரு முறை வரக்கூடிய லோடு வரை நீட்டியிருந்தார்கள். யூரோகோடின் வரையறையும் 1000 வருஷம்தான், முறையில் தப்பில்லை. ஆனால் அந்த நீட்டலுக்குள் ஒளிந்திருக்கிற ஊகம், இன்றைய போக்குவரத்து இன்றைய மாதிரியே இருக்கும் என்பது. இன்றைய லாரிக் கூட்டத்தில் எவ்வளவு மோசமான நாள் வரலாம் என்று அது சொல்லும், நாளைய லாரிக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. எடை வரம்பு சிறுகச் சிறுக ஏறுவதில்லை, ஒரு சட்டத் திருத்தத்தில் படியேறுகிறது. பிரிட்டனில் 1999 தொடக்கத்தில் 40 டன் லாரிகளை விட வேண்டியிருந்ததால் அதற்கு முன்பு பத்து வருஷத்துக்கும் மேலாக நாடு முழுக்கப் பாலங்களைக் கணக்கிட்டும் பலப்படுத்தியும் ஓட வேண்டியிருந்தது. எந்த வளைகோடும் அந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லியிருக்காது. இந்த அத்தியாயத்தில் நான் எதிர்பார்த்தது கற்பனையான சூழல்கள்: வரம்பு 10 சதவீதம் ஏறினால், ஆக்ஸில் கூடி நீளம் கூடாவிட்டால், லாரிகள் தானியங்கியாக நெருக்கமான வரிசையில் போனால் இந்தப் பாலத்தில் என்ன ஆகும் என்று ஓட்டிக் காட்டியிருக்கலாம். தரவும் மென்பொருளும் அவர்களிடமே இருந்தன. கடைசியில் நாங்கள்தான் உட்கார்ந்து போட்டோம்.

எஃகுப் பாலம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெல்டிங் செய்த எஃகு இணைப்பில் களைப்புச் சேதம் (லோடு திரும்பத் திரும்ப வந்து போவதால் சேர்கிற சேதம்) சுமாராக அழுத்த வீச்சின், அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் அழுத்தம் ஏறி இறங்குகிற அளவின், மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. லாரிகள் எல்லாம் 10 சதவீதம் கனமானால் சேதம் 33 சதவீதம் கூடும், 20 சதவீதம் என்றால் 73. பாலம் அன்றைக்கு உடையாது, ஆயுள் சத்தமில்லாமல் குறையும். ஜெர்மனியின் ஏ45 நெடுஞ்சாலையில் 1968-ல் திறந்த ராமெட பள்ளத்தாக்குப் பாலத்தின் எஃகில் உருக்குலைவு தெரிந்ததும் 2021 டிசம்பரில் மூடினார்கள், 2023 மே மாதம் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்டியவர்கள் நினைத்துப் பார்க்காத போக்குவரத்து அது.

லோடு என்றால் லாரி மட்டும் இல்லை என்பதையும் அறிக்கை கவனிக்கவில்லை. எங்கள் பழைய பாலத்தில் தாரின் மேல் தார் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். 8 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஸ்பேன், 50 மில்லிமீட்டர் தார் என்றால் ஒரு ஸ்பேனுக்கு 18 டன்னுக்கு மேல், அதுவும் நகராமல் நிரந்தரமாக நிற்கிற 18 டன். மினியாபோலிசில் 2007 ஆகஸ்ட் 1 அன்று ஐ-35டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். மூல காரணம் தேவையானதில் பாதித் தடிமனே இருந்த குஸெட் தகடுகள் (எஃகு உறுப்புகளைச் சந்திப்பில் இணைக்கும் தகடுகள்). ஆனால் பின்னாளில் தடிமனாக்கிய டெக், சேர்த்த தடுப்புச் சுவர், அன்றைக்கு மேலே குவித்திருந்த கட்டுமானப் பொருள் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தகடுகளை எல்லைக்குத் தள்ளின. எங்கள் பரிந்துரையில் முதல் வரி, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார். இரண்டாவது, பாலத்துக்குள் நுழையும் இடத்தில் சாலை இறங்கியிருக்கிற மேடுபள்ளத்தைச் சரிசெய்வது, ஏனென்றால் வேகமாக வருகிற லாரிகள் அங்கே குதித்துவிட்டு வருவது அலைவடிவத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பழைய பாலத்துக்குக் கிடைக்கக்கூடிய மலிவான வலிமை இந்த இரண்டும்தான்.

புதிய பாலத்தில் தரவை வைத்து என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன், இந்தச் சேவைக்குச் செலவழித்தது வீணா இல்லையா என்பது அங்கேதான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் கனமாக்கவில்லை. பின்னால் தொடவே முடியாத அஸ்திவாரத்திலும் தூணிலும் தாராளமாக விட்டோம், அங்கே கூடுதல் கொள்ளளவுக்கு ஆகிற செலவும் மொத்தத்தில் குறைவு. டெக் ஸ்லாபை ஆக்ஸில் தரவின் ஓரத்தைப் பார்த்துத் தடிமனாக்கினோம். கர்டர்களில் இன்றைக்குத் தேவையானது, அதற்கு மேல் அளவான ஒரு மார்ஜின், கூடவே நாளைக்கு வெளிப்புற ப்ரீஸ்ட்ரெஸ் கேபிள் (கான்கிரீட்டை முன்கூட்டியே இறுக்கி வலுவாக்கும் எஃகுக் கேபிள்) இழுக்க வசதியாக, கர்டர்களை இணைக்கும் குறுக்குச் சுவரான டயஃப்ரமில் துளைகளும் கேபிள் முனையைப் பிடிக்கும் ஆங்கர் பிளாக்குகளும். ஆஷ்டோ கோடு துண்டு துண்டாகக் கோக்கும், உள்ளே வெற்றிடமான பெட்டி வடிவ பாக்ஸ் கர்டர்களுக்கு இந்த மாதிரி எதிர்கால ஏற்பாட்டைக் கட்டாயமே ஆக்கியிருக்கிறது, ப்ரீஸ்ட்ரெஸ் விசையில் குறைந்தது 10 சதவீதத்துக்கு. பேரிங் மாற்ற ஜாக்கி வைக்கும் இடங்களைத் தூணின் தலையிலேயே விட்டோம்.

இது புதுசு இல்லை. நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை 1931-ல் திறக்கும்போதே கீழ்த்தளம் ஒன்று பின்னால் வரும் என்று கேபிளையும் கோபுரத்தையும் தயாராக வைத்தார் ஓத்மார் அம்மான், 1962-ல் அந்தத் தளம் வந்தது. லிஸ்பனில் 1966-ல் திறந்த பாலத்தில் 1999-ல் ரயில் ஓடியது. அங்கேயும் முதல் வடிவமைப்பிலேயே ரயில் மனதில் இருந்தது, கூடுதல் கேபிள் போட வேண்டியிருந்தாலும் பாலத்தை இடிக்க வேண்டியிருக்கவில்லை. ஆக்லாந்து துறைமுகப் பாலம் 1959-ல் நான்கு லேனோடு திறந்து, பத்தே வருஷத்தில் இரண்டு பக்கமும் எஃகுப் பெட்டிகளை ஒட்டவைத்து அகலமாக்க வேண்டியதாயிற்று, பிறகு லாரிகள் கனமாகக் கனமாக அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே புகுந்து எஃகு சேர்க்க வேண்டியதாயிற்று.

யார் இந்தச் சேவையை எடுக்கலாம்? குட்டை, நடுத்தர ஸ்பேன் பாலங்களுக்குத் தயங்காமல் எடுக்கலாம், அங்கேதான் லாரி லோடு டிசைனை ஆள்கிறது. மிக நீண்ட தொங்குபாலங்களில் சொந்த எடையே பெரும்பங்கு, அங்கே கேபிளைப் பற்றிய கேள்விக்கு இது உதவாது, டெக்குக்கு மட்டும் உதவும். எடுப்பதாக இருந்தால் ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குங்கள்: கச்சாத் தரவு முழுதும் உங்களுடையது, வடிகட்டி நீக்கிய பதிவுகள் தனிக் கோப்பில் வர வேண்டும், துல்லிய வகுப்பு தனி ஆக்ஸிலுக்கும் சொல்லப்பட வேண்டும், இரவு நேரமும் அறுவடை, கட்டுமான சீசன் மாதிரி சரக்கு உச்சத்துக்குப் போகிற காலமும் அளவீட்டுக்குள் வர வேண்டும், எதிர்கால அத்தியாயத்தில் எடை வரம்பு மாறினால் என்ற சூழல்கள் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் நான் மறுபடியும் இவர்களையே கூப்பிடுவேன். பழைய பாலத்தில் சில அளவிகளை நிரந்தரமாக விட்டுவைக்கச் சொல்லி ஏற்கெனவே கேட்டிருக்கிறோம், அதற்கு அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.